சுபாஷ் முகோபாத்யாய்

சுபாஷ் முகோபாத்யாய் அல்லது சுபாஷ் முகர்ஜி (சனவரி 16, 1931 – சூன் 19, 1981) இந்திய மருத்துவரும் இனப்பெருக்க உடலியல் ஆய்வாளரும் ஆவார். வெளிச் சோதனைமுறைக் கருக்கட்டல் வழியாக இந்தியாவின் முதலாவதும் உலகின் இரண்டாவதுமான சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமானவர் இவர். அக்குழந்தை 1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிசு பிரவுன் பிறந்து அப்போது 70 நாட்களே ஆகியிருந்தன. மனித முளையத்தை உறைய வைத்து, பின்னர் உருக்கி, வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பைக்குள் இட்டு இவர் அடைந்த வெற்றி, அத்துறையில் உலகிலேயே முதலாவதாகும். எனினும் இவருடைய கூற்றை மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு பொய்யென நிராகரித்தது. இவர் இறந்து 16 ஆண்டுகள் கழிந்த பின்னரே, மற்றொரு இந்திய ஆய்வாளரின் முயற்சியால் இவருடைய பணி வெளிச்சத்திற்கு வந்தது.

இவர் பெயர் ஆங்கில ஏடுகளில் முகர்ஜி என்றும் வங்க மொழியில் முகோபாத்யாய் என்றும் வழங்கும். இரண்டும் ஒரே குடும்பப் பெயரின் இரு வடிவங்கள். தமிழில் தேடுவோர் இரண்டு வடிவங்களிலும் தேடுவது நல்லது.

இளமையும் கல்வியும்

சுபாஷ் அன்றைய பீகார்–ஒரிசா மாகாணத்தைச் சேர்ந்த ஹசாரிபாக் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று சார்க்கண்டு மாநிலத்தில் உள்ளது. கல்கத்தாவில் உடலியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பிறகு, கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் பயின்று 1955 இல் மருத்துவரானார். மகப்பேற்றியலும் பெண்நோயியலும் இவர் சிறந்து விளங்கிய பாடங்கள். மருத்துவம் பயின்ற பலர் உடனே சிகிச்சையகம் திறந்த காலத்தில் இவர் ஆய்வுக்கூடத்தையே தேர்ந்தார். 1958 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

இரண்டாவது முனைவர் பட்டத்தை 1967 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில், இனப்பெருக்க அகச்சுரப்பியியலில் பெற்றார். அங்கு இவருக்கு வழிகாட்டியவர் ஜான் லொரைன். சிறுநீரிலும் குருதியிலும் உள்ள இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) அளவைக் கண்டறியும் முறைகளில் அவர் பெயர் பெற்றவர். இன்று ஒரு துளிக் குருதியைக் கொண்டு சில மணி நேரத்தில் இயக்குநீர் அளவுகள் தெரிந்துவிடுகின்றன. அக்காலத்தில் எலி போன்ற விலங்குகளுக்கு மாதிரியை ஊசி வழி செலுத்தி, அவற்றின் சூலகத்தில் நிகழும் மாற்றத்தைக் கொண்டே அளவை மதிப்பிட வேண்டியிருந்தது. இதனை உயிரியல் மதிப்பீடு என்பர். கபச் சுரப்பியிலிருந்து வரும் லூட்டினைசிங் இயக்குநீரை அளவிடும் பணியில் எடின்பரோவில் இவர் பெற்ற பயிற்சியே பிற்காலச் சோதனைக்கு அடித்தளமாயிற்று. இயக்குநீர் எந்நாளில் எவ்வளவு உயர்கிறது, அதற்குக் கருப்பை எவ்வாறு விடையிறுக்கிறது என்ற கணக்கு இவருக்குக் கைவந்திருந்தது.

1960 இல் நமிதாவை மணந்தார். நமிதா பள்ளி ஆசிரியை. இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பணி

இந்தியா திரும்பியதும், 1967 முதல் 1975 வரை கல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் உடலியல் துறையில் பணியாற்றினார். 1975 முதல் பாங்குரா சம்மிலானி மருத்துவக் கல்லூரியில் பணி. பாங்குரா கல்கத்தாவிலிருந்து தொலைவில் உள்ள மாவட்டத் தலைநகர். ஆசிரியப் பணி ஓர் ஊரிலும் ஆய்வு வேறோர் ஊரிலுமாக இவர் காலம் கழிந்தது. பெரிய நிறுவனத்தின் துணையோ தனி நிதியோ இவருக்கு இருக்கவில்லை. எளிய கருவிகளைக் கொண்டே பணி நடந்தது.

இவருடன் இருவர் இணைந்தனர். ஒருவர் சுனித் முகர்ஜி. அவர் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்ப, உயிர்வேதிப் பொறியியல் துறையைச் சேர்ந்தவர், தாழ்வெப்ப உறைவில் அறிவுடையவர். மற்றவர் பெண்நோயியல் மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. மூவரும் மூன்று வேறு துறையினர். மனித முளையத்தை உறையவைக்கும் வேலைக்கு உணவுத் தொழில்நுட்பத் துறையிலிருந்து ஒருவரைத் தேடிப் பிடித்ததில் சுபாஷின் நடைமுறை அறிவு தெரிகிறது.

1978 ஆம் ஆண்டுச் சோதனை

சிகிச்சைக்கு வந்த பெண்ணின் கருக்குழல்கள் பழுதடைந்திருந்தன. எனவே இயல்பான வழியில் கரு உருவாக வாய்ப்பில்லை. கருமுட்டையை வெளியே எடுத்து, விந்துடன் சேர்த்து, உருவான முளையத்தைக் கருப்பையில் வைப்பதே வழி. இதையே இங்கிலாந்தில் பேட்ரிக் ஸ்டெப்டோவும் இராபர்ட் எட்வர்ட்சும் செய்துகொண்டிருந்தனர். ஆனால் கல்கத்தாவில் கையாளப்பட்ட வழி மூன்று இடங்களில் வேறுபட்டது.

முதலாவது வேறுபாடு முட்டைகளின் எண்ணிக்கை. ஒரு சுழற்சியில் பொதுவாக ஒரே ஒரு கருமுட்டைதான் முதிரும். சுபாஷ் எச்.எம்.ஜி. எனப்படும் இயக்குநீர் மருந்தைக் கொடுத்துச் சூலகத்தைத் தூண்டி ஐந்து முட்டைகளைப் பெற்றார். இம்மருந்து மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதற்காக இத்தாலியில் கன்னியர் மடங்களிலிருந்து சிறுநீர் திரட்டப்பட்டது மருத்துவ வரலாற்றின் வேடிக்கையான செய்திகளுள் ஒன்று. இரண்டாவதாக, முட்டைகளை வயிற்றில் துளையிட்டு உட்காட்டி வழி எடுக்காமல், யோனி வழியாகச் செய்த சிறு அறுவையின் மூலம் எடுத்தார். மூன்றாவது வேறுபாடே முதன்மையானது. உருவான முளையங்களை அதே மாதம் கருப்பையில் வைக்கவில்லை. எட்டு உயிரணு நிலையில் டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் பாதுகாப்புப் பொருளுடன் உறைய வைத்தார். 53 நாட்கள் கழித்து உருக்கி, பின்வந்த ஒரு சுழற்சியில் வைத்தார்.

எலியின் முளையத்தை உறையவைத்து உயிர்ப்பிக்க முடியும் என்பது 1972 இல் தான் உறுதியானது. 1973 இல் உறைந்த முளையத்திலிருந்து கன்றுக்குட்டி பிறந்தது. மனித முளையத்தில் எவரும் வெற்றி கண்டிருக்கவில்லை.

குழந்தை பெல் வியூ மருத்துவமனையில் பிறந்தது. துர்கா பூசைக் காலத்தை ஒட்டிப் பிறந்ததால் துர்கா என்னும் பெயரால் அறியப்பட்டது. முழுமாதப் பேறு எனக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், துர்காவின் முளையம் 1977 நவம்பர் நடுவில் உருவாகியிருக்க வேண்டும். லூயிசு பிரவுனுக்குரிய முட்டை எடுக்கப்பட்டது 1977 நவம்பர் 10. அவ்வாறாயின் இரு குழந்தைகளின் தொடக்கத்திற்கும் இடையே சில நாட்களே இருந்தன. உறைநிலையில் கழிந்த 53 நாட்களே கல்கத்தாவை இரண்டாம் இடத்திற்குத் தள்ளின.

ஏன் உறைய வைக்க வேண்டும்?

இக்கேள்விக்கான விடை கருப்பையின் உட்படலத்தில் இருக்கிறது. சுபாஷின் பணியை விளங்கிக்கொள்ள இதனைச் சற்று விரிவாகக் காண்பது தேவை.

கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியுள்ள இப்படலம் ஒவ்வொரு மாதமும் வளர்ந்து, மாறி, கரு பதியாவிட்டால் உதிர்வது. உதிராமல் எஞ்சும் அடித்தளப் பகுதியிலிருந்து அடுத்த மாதம் புதிய படலம் எழும். சுழற்சியின் முற்பாதியில் சூலகத்தில் வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதன் தூண்டலால் படலத்தின் உயிரணுக்கள் பெருகித் தடிக்கின்றன. முட்டை வெளியேறியபின், காலியான பை மஞ்சட்சடலமாக (கார்பஸ் லூட்டியம்) மாறிப் புரோஜெஸ்டரோனைச் சுரக்கிறது. உடனே பெருக்கம் நின்று, சுரப்பிகள் சுருண்டு நீர்மங்களைச் சுரக்க, குருதிக் குழல்கள் செழிக்கின்றன. மஞ்சட்சடலத்தின் சாறு முயலின் கருப்பையை இவ்வாறு மாற்றி அமைப்பதை அமெரிக்காவில் ஜார்ஜ் கார்னரும் வில்லர்டு ஆலனும் 1929 இல் நிறுவினர். 1934 இல் புரோஜெஸ்டரோன் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது.

இயக்குநீர் ஆணையிடுகிறது, படலம் வளர்கிறது என்ற அளவில்தான் சுபாஷின் காலத்து அறிவு இருந்தது. ஆணை எவ்வாறு நிறைவேறுகிறது என்பது பின்னர் தெளிந்தது. இயக்குநீருக்கும் உயிரணுப் பெருக்கத்திற்கும் நடுவே வளர்ச்சிக் காரணிகள் என்னும் சிறு புரதங்கள் தூதாக நிற்கின்றன. இவற்றுள் முதலில் அறியப்பட்டவற்றில் ஒன்றான மேற்றோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோகனுக்கு, ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் சேர்த்து 1986 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருப்பை உட்படலத்தின் மேற்பரப்பில் மேலணி உயிரணுக்களும் அவற்றின் கீழே இடையிழைய உயிரணுக்களும் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் நேரடியாக மேலணி உயிரணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1997 இல் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வு இதை மாற்றியது. மேலணியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாதபோதும் அது பெருகியது. இடையிழையத்தில் ஏற்பி இல்லாதபோது பெருகவில்லை. அதாவது ஆணையைப் பெறுவது கீழடுக்கு. அது இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி முதலியவற்றைச் சுரந்து மேலடுக்குக்குச் செய்தி அனுப்புகிறது. புரோஜெஸ்டரோன் வரும்போது அதே இடையிழையத்தில் ஹேண்ட்2 என்னும் மரபணு செயற்பட்டு, நாரரும்பு வளர்ச்சிக் காரணிகளின் உற்பத்தியை அடக்குகிறது. செய்தி நின்றதும் மேலணியின் பெருக்கம் நிற்கிறது. இதுவும் எலிகளில், 2011 இல் அறியப்பட்டது. பெருக்கம் நின்றால்தான் மேற்பரப்பு கருவை ஏற்கும் நிலைக்கு மாறும் என்பதால் இந்த நிறுத்தம் மிக இன்றியமையாதது.

கோழிமுட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் உள்ளோர்க்கு இதில் ஓர் அணுக்கமான செய்தி உண்டு. இத்தகைய இயக்குநீர்கள் உயிரணுவின் கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகின்றன என்பதற்கான தொடக்கச் சான்றுகள் கோழிக்குஞ்சின் முட்டைக்குழாயிலிருந்தே கிடைத்தன. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அக்குழாய் பன்மடங்கு வளர்ந்து முட்டையின் வெண்கருப் புரதத்தைச் சுரக்கும். பின்னர் புரோஜெஸ்டரோன் கொடுத்தால் அவிடின் என்னும் மற்றொரு புரதம் சுரக்கும். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அமெரிக்காவில் பெர்ட் ஓ'மாலியின் குழுவினர் இதைக் கொண்டே இயக்குநீரின் செயற்பாட்டை விளக்கினர். மனிதக் கருப்பையைப் பற்றிய அறிவில் ஒரு பங்கு கோழிப் பண்ணைக்கு உரியது.

பெருக்கம் நின்ற பின் படலம் கருவை ஏற்கும் காலம் மிகக் குறுகியது. 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 20 முதல் 24 ஆம் நாள் வரை. அப்போது உட்படலம் லியூகேமியா தடுப்புக் காரணி என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. பெயர் குருதிப் புற்றுநோயைச் சுட்டினாலும், இப்புரதம் இல்லாத எலிகளில் கரு பதிவதே இல்லை என்று 1992 இல் கண்டனர். அவ்வெலிகளின் முளையங்களை வேறு எலியின் கருப்பையில் வைத்தபோது அவை நன்கு வளர்ந்தன. குறை முளையத்தில் இல்லை, படலத்தில்தான் என்பது அதனால் விளங்கியது. ஹெப்பாரின் பிணைக்கும் வளர்ச்சிக் காரணி, முளையம் ஒட்டும் இடத்தில் மட்டும் எலியின் கருப்பையில் தோன்றுவதை 1994 இல் சுதான்சு குமார் தேயின் குழு காட்டியது. அவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரே.

இனி சூலகத் தூண்டலுக்கு வருவோம். மருந்தால் பல முட்டைப்பைகள் ஒன்றாக வளரும்போது ஈஸ்ட்ரோஜன் இயல்பைவிடப் பல மடங்கு உயர்கிறது. புரோஜெஸ்டரோனும் சில சமயம் முன்னதாகவே எழுகிறது. விளைவாக உட்படலத்தின் கடிகாரம் முந்திக்கொள்கிறது. முளையம் தன் இயல்பான வேகத்தில் வளர்ந்து பதியத் தயாராகும்போது ஏற்புக் காலம் கடந்துபோயிருக்கலாம். எட்வர்ட்சும் ஸ்டெப்டோவும் இந்த இடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் இடறினர். தூண்டப்பட்ட சுழற்சிகளில் மஞ்சட்சடலம் விரைவில் ஓய்ந்து மாதவிடாய் முன்னதாக வந்துவிட்டது. இறுதியில் அவர்கள் தூண்டலையே கைவிட்டு, இயற்கைச் சுழற்சியில் கிடைக்கும் ஒற்றை முட்டையை நம்பினர். லூயிசு பிரவுன் அவ்வழியில் பிறந்தவர்.

சுபாஷ் அதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார். முட்டைகளுக்காகத் தூண்டலை வைத்துக்கொண்டார். கருப்பைக்காகக் காலத்தைப் பிரித்தார். முட்டை எடுக்கும் மாதம் வேறு, முளையம் வைக்கும் மாதம் வேறு. தூண்டலின் தாக்கம் நீங்கி, படலம் தன் இயல்பான இயக்குநீர்களுக்கு விடையிறுக்கும் சுழற்சி வரும்வரை முளையம் உறைநிலையில் காத்திருந்தது. படலத்தின் வளர்ச்சிக் காரணிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் முட்டைக்கு உகந்த இயக்குநீர் நிலையும் கருப்பைக்கு உகந்த இயக்குநீர் நிலையும் ஒன்றல்ல என்பதை இச்சோதனையின் அமைப்பே காட்டுகிறது. இரண்டு விடைகளில் பிற்கால மருத்துவம் பெரிதும் பின்பற்றியது கல்கத்தாவின் விடையைத்தான்.

அறிவிப்பும் எதிர்ப்பும்

சோதனையைப் பற்றிய சுருக்கமான அறிக்கை 1978 இல் இந்தியத் தாழ்வெப்பவியல் இதழில் மூவர் பெயரிலும் வெளியானது. அதே ஆண்டு புதுதில்லியில் நடந்த ஸ்டீராய்டு இயக்குநீர்கள் பற்றிய பன்னாட்டு மாநாட்டிலும், 1979 சனவரியில் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலும் சுபாஷ் இதைப் பற்றிப் பேசினார். ஆனால் மருத்துவ உலகு கூர்ந்து நோக்கும் பன்னாட்டு இதழ் எதிலும் விரிவான கட்டுரை வெளிவரவில்லை. அவருடைய எதிர்ப்பாளர்களுக்கு இது வாய்ப்பாயிற்று.

மற்றொரு தடையும் இருந்தது. குழந்தையின் குடும்பத்தினர் மரபு வழிப்பட்டவர்கள். பிறப்பின் முறை ஊரறிந்தால் குழந்தையின் எதிர்காலம் பாதிக்கப்படும் என அஞ்சி, பெயரை வெளியிட விரும்பவில்லை. சுபாஷ் அவ்விருப்பத்தை மதித்தார். சான்றைக் காட்டு என்று கேட்டவர்களிடம் அவரால் குழந்தையைக் காட்ட இயலவில்லை. மருத்துவ அறத்தைக் காத்ததே அவருக்கு எதிரான வாதமாக மாறியது.

மேற்கு வங்க அரசு 1978 நவம்பர் 18 அன்று விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ஒரு வானொலி இயற்பியலர். முளையங்களைக் கையாளுவதிலோ தாழ்வெப்ப உறைவிலோ பட்டறிவு உடையவர் எவரும் குழுவில் இல்லை என்பது பின்னாளில் எழுதியவர்கள் பலரும் சுட்டும் குறை. உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் துறையின் தொடக்கப் பாடமும் அறியாதவை என்றும் விமரிசிக்கப்பட்டன. குழு அவருடைய கூற்றுகள் நம்பத்தகாதவை என முடிவு செய்தது.

நடுநிலையாக நோக்கின், ஒரு பெரும் கூற்றைச் சோதித்துப் பார்ப்பது தவறன்று. வெளியான அறிக்கை மிகச் சுருக்கமானது என்பதும், வேறோர் ஆய்வுக்கூடம் அதைத் திரும்பச் செய்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் சோதிப்பதற்கு உரியவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்காமலும், ஆய்வாளர் தம் பணியைத் துறையினர் முன் வைக்க வாய்ப்பளிக்காமலும் தீர்ப்பு வழங்கப்பட்டது. சப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகம் 1979 தொடக்கத்தில் தம் முறையை விளக்குமாறு அவரை அழைத்திருந்தது. அரசுப் பணியாளரான அவருக்கு அயல்நாடு செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. அங்கு சென்றிருந்தால் அவருடைய வழிமுறை துறை அறிந்தவர்களின் கேள்விகளுக்கு உட்பட்டிருக்கும். ஐயம் உறுதியாகியிருக்கும், அல்லது நீங்கியிருக்கும்.

மறைவு

தொடர்ந்த அவமதிப்பு சுபாஷின் உடல்நலத்தைக் கெடுத்தது. மாரடைப்புக்கு ஆளானார். பாங்குராவிலிருந்து கல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1981 சூன் 5 அன்று வட்டாரக் கண் மருத்துவ நிறுவனத்திற்கு, மின்னுடலியல் பேராசிரியராக மாற்றும் ஆணை வந்தது. இயக்குநீர் ஆய்விலேயே வாழ்நாளைக் கழித்தவருக்கு அத்துறையில் இனிப் பணியே இல்லை என்பது அவ்வாணையின் பொருள். இரண்டு வாரங்கள் கழித்து, சூன் 19 அன்று, கல்கத்தாவில் தம் இல்லத்தில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

அவர் இறந்தபின் அவர் கையாண்ட வழிகள் ஒவ்வொன்றாக வேறு நாடுகளில் புதியனவாகத் தோன்றின. அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1981 திசம்பர் 28 அன்று, சூலகத்தைத் தூண்டிப் பெற்ற முட்டையிலிருந்து பிறந்தது. உறைந்த மனித முளையத்திலிருந்து கருவுற்ற செய்தியை 1983 இல் ஆசுத்திரேலியாவின் ஆலன் டிரவுன்சனும் லிண்டா மோரும் வெளியிட்டனர். அக்கரு நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்திலும் ஆசுத்திரேலியாவிலும் உறைந்த முளையங்களிலிருந்து குழந்தைகள் பிறந்தன. யோனி வழியாக முட்டையெடுத்தல், மீயொலிக் கருவியின் துணையுடன், 1980களில் பொதுமுறையாயிற்று.

மீட்பு

1986 ஆகத்து 6 அன்று மும்பை கே. இ. எம். மருத்துவமனையில் ஒரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. மருத்துவர் இந்திரா இந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. சி. ஆனந்த் குமாரும் இதற்குக் காரணர். முறையாக ஆவணப்படுத்தப்பட்ட இப்பிறப்பே இந்தியாவின் முதலாவது என்று பதிவாயிற்று. பாடநூல்களும் அவ்வாறே எழுதின.

1997 இல் ஆனந்த் குமார் கல்கத்தா சென்றபோது, சுபாஷின் பழைய குறிப்புகளும் கடிதங்களும் சுனித் முகர்ஜி வழியாக அவர் கைக்கு வந்தன. அவற்றைப் படித்த ஆனந்த் குமார், குழந்தையின் பெற்றோரிடமும் பேசினார். பின்னர் அதே ஆண்டு ஏப்ரலில் கரண்ட் சயின்ஸ் இதழில் கட்டுரை எழுதி, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷே என அறிவித்தார். அதனால் இழப்பு அடைந்தவர் அவரே. நாட்டில் முதலாமவர் என்ற பெருமை அதுவரை அவருடையதாக இருந்தது. அறிவியல் வரலாற்றில் முன்னுரிமைக்காகச் சண்டையிட்டவர்கள் ஏராளம். தம்மிடமிருந்த முன்னுரிமையை இறந்தவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். ஆனந்த் குமார் 2010 இல் காலமானார்.

2002 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுபாஷின் பணியை மீளாய்வு செய்யக் குழு அமைத்தது. 2003 இல் துர்கா தம் 25 ஆம் பிறந்தநாளையொட்டித் தம்மை வெளிப்படுத்திக்கொண்டு, தம் பிறப்புக்குக் காரணமானவர் சுபாஷ் என்று பொதுவில் உரைத்தார். இவ்வாறு, விசாரணைக் குழு கேட்ட சான்று கால் நூற்றாண்டு கழித்துத் தானே வந்து நின்றது. எட்வர்ட்சுக்கு 2010 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்டெப்டோ 1988 லேயே இறந்துவிட்டதால் அவருக்கும் அப்பரிசில் பங்கில்லை.

இன்றைய நடைமுறை

முளையங்கள் அனைத்தையும் உறையவைத்து, பின்வரும் சுழற்சியில் வைக்கும் முறை இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. சூலகத் தூண்டலால் ஏற்படும் மிகைத் தூண்டல் நோய்க்குறியைத் தவிர்ப்பதும், உட்படலத்திற்குக் கால இடைவெளி தருவதும் இதன் நோக்கங்கள். எல்லாருக்கும் இது மேலானதா என்பதில் கவனம் தேவை. சீனாவில் பல்பை சூலக நோய்க்குறி உடைய 1508 பெண்களிடம் செய்த ஆய்வு 2016 இல் வெளியானது. அதில் உறைந்த முளையம் பெற்றோரில் 49.3 விழுக்காட்டினரும், உடனே முளையம் பெற்றோரில் 42.0 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தை பெற்றனர். மிகைத் தூண்டலும் குறைந்தது. ஆனால் அந்நோய்க்குறி இல்லாத பெண்களிடம் செய்த, 2018 இல் வெளியான இரு ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மிகையாகத் தூண்டப்படும் சூலகம் உள்ளோருக்கே இடைவெளி பெரும்பயன் தருகிறது என இவற்றிலிருந்து கொள்ளலாம்.

சுபாஷின் காலத்தில் பெருநகரத்திலேயே ஐயத்துடன் பார்க்கப்பட்ட இச்சிகிச்சை, இன்று சேலம், ஈரோடு போன்ற மாவட்டத் தலைநகரங்களிலும் கிடைக்கிறது. இதனை ஒழுங்குபடுத்தும் நடுவண் சட்டம் 2021 இல் இயற்றப்பட்டது. அதன்படி சிகிச்சை மையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். முட்டை, விந்து, முளையம் ஆகியவை பற்றிய பதிவேடுகளையும் வைத்திருக்க வேண்டும்.

கலையில்

சுபாஷின் வாழ்வைத் தழுவி ராமபத சௌதுரி எழுதிய அபிமன்யு என்னும் வங்கக் கதையைக் கொண்டு, தபன் சின்ஹா ஏக் டாக்டர் கி மௌத் என்னும் இந்தித் திரைப்படத்தை 1990 இல் இயக்கினார். படத்தில் மருத்துவர் தொழுநோய்க்குத் தடுப்பூசி காண்பதாகக் கதை மாற்றப்பட்டுள்ளது. மருத்துவராகப் பங்கஜ் கபூரும் மனைவியாகச் சபானா ஆஸ்மியும் நடித்தனர். இப்படத்திற்குத் தேசியத் திரைப்பட விருதுகள் கிடைத்தன. படம் வெளியானபோது ஆனந்த் குமாரின் கட்டுரைக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. ஆகவே பெரும்பாலான பார்வையாளர்கள், கதையில் வரும் மருத்துவருக்கு மூலமாக இருந்தவரின் பெயரை அறியாமலேயே படத்தைப் பார்த்தனர்.